ப்ளக்கைப் பிடுங்கிய அக்கா

பெங்களூரில் மின்வாரியத்தை விட அதிகமாகக் கரண்ட்டை நிறுத்திய ஒரே மனுஷி எங்கள் ப்ளக் அக்காதான். சத்தியமாகச் சொல்கிறேன், மிகையே இல்லை. சரி, கொஞ்சம் மிகை.

இரண்டாயிரத்தின் தொடக்கம். எங்களுடையது குக்கர் செய்யும் கம்பெனி. ஊர் ஊராக இருந்த கிளைகளின் விற்பனைக் கணக்கையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவைத்து, எம்.டி. கேட்கும் கேள்விக்கு உடனே பதில் எடுக்க வேண்டும். டேட்டா வேர்ஹவுஸ் என்று அதற்குப் பெயர். அதற்கான சாஃப்ட்வேரை யாரிடம் வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, சிஸ்டம்ஸ் மேனேஜரான நீலசந்திரா அக்காவுக்கு.

முதலில் வந்தவர்கள் கோட்டும் டையுமாக டெமோ காட்டினார்கள். திரையில் கணக்கு ஜம்மென்று ஏறிக்கொண்டிருந்தது. பேனா விழுந்த மாதிரி அக்கா மேசைக்கடியில் குனிந்தார். பொசுக்கென்று எல்லாம் அணைந்தது.

“மேடம், கரண்ட் போயிடுச்சு!”

“போகல. நான்தான் ப்ளக்க புடுங்கினேன்.”

“ஐயோ, ஏன் மேடம்?”

“பெங்களூர்ல கரண்ட் உங்கள கேட்டுக்கினா போவும்? மறுபடி போடுங்க. ஏறின கணக்கு இன்னா ஆச்சுன்னு பாக்கலாம்.”

கணக்கு என்ன ஆனதோ, அவர்கள் ஆளையே காணோம்.

ப்ளக் அக்கா என்ற பெயரோடு விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. அடுத்து வந்தவர்கள் ப்ளக்கைச் சுவரோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டினார்கள். அதற்கடுத்தவர்கள் சுவிட்ச்போர்டு முன்னால் நாற்காலி போட்டு ஓர் ஆளையே காவல் வைத்தார்கள். அக்கா அவருக்குக் காபி மேல் காபியாக உபசாரம் செய்தார். மனுஷன் எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? அவர் பாத்ரூம் பக்கம் ஓடியதும் வேலை முடிந்தது.

புகார் எம்.டி.யிடம் போனது. அவருக்கு ஏற்கெனவே ஒரு பெரிய கம்பெனி மேல் கண். அக்காவைக் கூப்பிட்டு, “நாளைக்கு அவங்க டெமோவுல நீங்க ப்ளக்க தொட்டீங்க, மறுநாள் ஆபீசுக்கு வர வேணாம்” என்று சொல்லிவிட்டார். மகளை இன்ஜினியரிங்கில் சேர்த்த நேரம் அது. வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா “சரி சார்” என்றார். அக்காவிடம் வேலை பார்த்த என்னையே ப்ளக்குக்குக் காவலாக உட்கார வைத்தார் எம்.டி.

மறுநாள் அந்தப் பெரிய கம்பெனி டெமோவில் தும்கூர் கிளைக் கணக்கு ஏறத் தொடங்கியது. அக்கா கையைக் கட்டி, ஸ்கூல் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவை ப்ளக்கைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். புடுங்கு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நான் யோசித்திருப்பேன். அவர் அப்படிக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்கவில்லை.

பிடுங்கிவிட்டேன்.

எம்.டி. அக்கா பக்கம் பாய்ந்தார். “பேடா சார், வேணாம், நான் இல்ல!” என்று அக்கா கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார்.

“நான்தான் சார்” என்றேன்.

வந்திருந்தவர் பதறாமல் சிரித்தார். “நோ ப்ராப்ளம் சார்” என்று மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். திரையைப் பார்த்ததும் எம்.டி. முகம் மலர்ந்தது.

“பரவால்லயே! தும்கூர்ல இவ்ளோ வித்திருக்கோமா?”

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “சார், இத்தன குக்கர் வைக்க தும்கூர்ல அடுப்பு ஏது? முன்னாடி ஏறினது அழியல, அதுக்கு மேலயே மறுபடி ஏறியிருக்கு. கரண்ட் போனா சேல்ஸ் கூடும்னா சொல்லுங்க, டெய்லி புடுங்கறேன்.”

எம்.டி.தான் முதலில் சிரித்தார்.

அடுத்து வந்தது இரண்டு பேர் மட்டுமே நடத்தும் சின்னக் கம்பெனி. அவர்கள் டெமோவில் எம்.டி.யே குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினார்! மறுபடி போட்டதும், விட்ட இடத்திலிருந்து கணக்கு சமர்த்தாக ஏறியது. அவர்களிடமே வாங்கினோம். எத்தனை கரண்ட் கட் வந்தும் ஒரு குக்கர்கூடக் கணக்கில் பிசகவில்லை. மற்ற கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நாங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம்.

நான் ப்ளக்கைப் பிடுங்கிய அன்று மாலையே அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். “அறிவிருக்காப்பா உனக்கு? வேல போயிருந்தா வீட்ல இன்னா சொல்லியிருப்ப?”

“ப்ளக் அக்கா டிபார்ட்மென்ட்ல இருந்தேன்னு பெருமையா சொல்லியிருப்பேன்க்கா.”

அக்கா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, விழாத பேனாவைத் தேடி மேசைக்கடியில் குனிந்தார். அவர் எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று. அதுவரை நானும் எதுவும் தெரியாதவன் போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.