மொரோக்கோ அண்ணையும் பன்னிரண்டு வருட சிஸ்டரும்

மொரோக்கோவுக்கு ஒருமுறைகூடப் போகாமல் மொரோக்கோவை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கும் மனிதர் லண்டனில் ஒருவர்தான் உண்டு. லண்டன் என்ன, மொரோக்கோவிலேயே இருக்க மாட்டார். எங்கள் பிளேஸ்டோ தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் மொரோக்கோ அண்ணையைத்தான் சொல்கிறேன். சொந்தப் பெயரைக் கேட்காதீர்கள், தபால்காரருக்கே சந்தேகம்தான். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது, தனி ஆள், மீசை மட்டும் இரண்டு பேருக்குப் போதும்.

வாரத்தில் ஐந்து நாள் குளிர்பதனக் கிடங்கில் வேலை. உறைந்த பட்டாணிப் பெட்டிகளை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கத்தில் அடுக்க வேண்டும். பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் கிடையாது. "பட்டாணி கதைக்காது, தங்கச்சி" என்பார் என்னிடம். அதனால் ஐந்து நாள் பேச்சையும் சேமித்துக்கொண்டு, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வெஸ்ட்போர்ன் பார்க் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பார். அங்கிருந்து கோல்போர்ன் ரோட்டில் உள்ள மொரோக்கோக் கடைகள் வழியாக ஒரு நடை. சந்தை, தெருச் சாப்பாடு, விளக்கவுரை எல்லாம் உண்டு. கட்டணம் கிடையாது. அவரவர் தின்பது அவரவர் பொறுப்பு, அதன் பிறகு வயிற்றில் நடப்பதும் அப்படியே.

மற்ற வழிகாட்டிகள் குடையையோ கொடியையோ தூக்கிப் பிடிப்பார்கள். அண்ணை தூக்கிப் பிடிப்பது முருங்கைக்காய். அன்று காலையில் அப்டன் பார்க் கடையில் பொறுக்கி எடுத்தது, இரண்டு முழத்துக்குக் குறையாது.

"குடையை ஆரும் பிடிக்கலாம். இதைக் கண்டால் எங்கடை ஆக்கள் மட்டும்தான் பின்னாலை வருவினம்" என்பார்.

அதுவும் முழுக்க உண்மையில்லை. ஒரு சனிக்கிழமை ஜப்பானியத் தம்பதி ஒன்று முருங்கைக்காயைக் கண்டு எங்களோடு சேர்ந்துகொண்டது. ஒன்றரை மணி நேர யாழ்ப்பாணத் தமிழ் விளக்கவுரையைக் கடைசிவரை தலையாட்டிக் கேட்டார்கள். முடிவில் அண்ணைக்குக் குனிந்து வணக்கம் சொல்லி, முருங்கைக்காயோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணை ஒரு மாதம் தரையில் நடக்கவில்லை.

ஏன் ஒருதடவை நிஜ மொரோக்கோவுக்குப் போய்விட்டு வரக்கூடாது என்று கேட்டிருக்கிறேன். மூன்றரை மணி நேரப் பயணம்தானே?

"பிளேனிலை ஒருதரம் ஏறினன் தங்கச்சி. இஞ்சை கொண்டுவந்து விட்டிட்டுது. இன்னொருதரம் ஏறினால் எங்கை விடுமோ?"

தஞ்சாவூரை விட்டு வந்து விமானம் ஏறிய நாளிலிருந்து எனக்கும் அதே சந்தேகம்தான்.

இந்தப் பைத்தியம் அவரைப் பிடித்தது ஒரு மழை நாளில். ஆள் பற்றாமல் அன்று அவரையும் ஏற்றிப் பட்டாணி கொண்டுபோன வேன் கோல்போர்ன் ரோட்டில் பழுதாகி நின்றுவிட்டது. தொப்பலாக நனைந்து நின்றவரை, சூப் விற்கும் மொரோக்கோ அம்மாள் ஒருவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் தார்ப்பாய்க்குக் கீழே நிறுத்தினார். கையில் ஒரு கிண்ணம் ஹரீரா சூப்பைக் கொடுத்தார். தக்காளி, கடலை, பருப்பு, கொத்தமல்லி எல்லாம் போட்டது. அதைக் குடித்து முடித்தபோது அண்ணை மொரோக்கோ நிபுணர் ஆகிவிட்டார். வேறு படிப்பு எதுவும் அவர் படிக்கவில்லை.

அவருடைய ஆராய்ச்சி முடிவு ஒன்றே ஒன்றுதான். மொரோக்கோவில் உள்ளதெல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்து கப்பலேறிப் போனது. கூம்பு மூடி போட்ட தஜீன் மண்சட்டியைக் கையில் எடுப்பார்.

"இது எங்கடை குழம்புச் சட்டிதான். அங்கை வெயில் கூட எண்டபடியால் தொப்பி போட்டு விட்டிருக்கினம்."

கூஸ்கூஸ் வரும். "புட்டு. குழலுக்குள்ளை அடைக்க நேரமில்லை, அப்பிடியே கொட்டிட்டினம்."

துளைதுளையாகப் பக்ரீர் வரும். "அப்பம். கரை முறுகேல்லை, பாவங்கள்."

தெருக்கோடியில் நிற்கும் கான்கிரீட் அடுக்குமாடியைக்கூட அவர் விடவில்லை. மொரோக்கோ ராசா ஆசைப்பட்டுக் கட்டியது, லிஃப்ட் மட்டும் கவுன்சில் போட்டது என்று ஒரே போடாகப் போட்டார். எட்டுப் பேர் அண்ணாந்து பார்த்தோம். அந்த நேரத்தில் அப்படித்தான் தெரிந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு வாரமும் தவறாதவர் தங்கம் அன்ரி. வெஸ்ட் ஈலிங்கில் அம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் இருப்பவர், சனிக்கிழமையில் அசைவம் தொடாத விரதக்காரர். ஒரு நாள் சூப் கிண்ணத்தின் அடியில் கரண்டி எதிலோ முட்டியது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அண்ணை, இது எலும்பெல்லே?"

"சீச்சீ, அது மொரோக்கோக் கறுவாப்பட்டை அன்ரி."

"கறுவாப்பட்டைக்கு மூட்டு இருக்குமே?"

"மலைநாட்டுக் கறுவா. அப்பிடித்தான் வளரும்."

தங்கம் அன்ரி அதை ஒரு தாளில் சுற்றி வைத்துக்கொண்டு அம்மனிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். அண்ணையை மூன்று வாரம் மன்னிக்கவில்லை. நாலாவது வாரம் முதல் ஆளாக ஸ்டேஷனில் வந்து நின்றார், கையில் சொந்தக் கரண்டியோடு.

எல்லாவற்றுக்கும் மேலே அண்ணையின் பிரம்மாஸ்திரம் ஒன்று இருந்தது. அரபியும் தமிழும் கூடப் பிறந்தவை என்பதற்கு ஆதாரம். சூப்புக்கார அம்மாளிடம் போய் எட்டு விரலைக் காட்டுவார். அந்த அம்மாள் அடுப்புச் சத்தத்துக்கு மேலே, "அக்கா! அக்கா!" என்பார். அண்ணை எங்கள் பக்கம் திரும்புவார்.

"கேட்டியளே? அரபியிலையும் அக்காவுக்கு அக்காதான்!"

எழுபது வயது அம்மாள் நாற்பது வயதுக்காரியான என்னைப் பார்த்து ஏன் அக்கா என்கிறார் என்ற கேள்வி எனக்கு உறுத்தியது. அது மரியாதை என்றார் அண்ணை. நாங்களும் பதிலுக்கு "அக்கா, அக்கா" என்போம். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே திரும்பச் சொல்வார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

பிறகு நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பஸ் நிறுத்தத்தில் பழக்கமான ஒரு கன்னியாஸ்திரீயை, மன்னார்க்காரர், நடக்கப் பிடிக்கும் என்றாரே என்று சனிக்கிழமைக்கு அழைத்துவிட்டேன். பிளேஸ்டோவில் ஒன்றாக ரயில் ஏறினோம். ஐந்தாறு ஸ்டேஷன் போனதும் சிஸ்டர் சாவகாசமாகச் சொன்னார்.

"நல்ல சந்தோசம் பிள்ளை. நான் மொரோக்கோவிலை பன்ரண்டு வருசம் இருந்தனான். அவையின்ரை பாசை கதைச்சுக் கனகாலம்."

எனக்கு அடுத்த ஸ்டேஷனிலேயே அவரை இறக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. கன்னியாஸ்திரீயை ரயிலிலிருந்து தள்ளினால் எந்தச் சாமியும் மன்னிக்காது.

ஸ்டேஷன் வாசலில் அண்ணை மீசையை நீவிக்கொண்டு வரவேற்றார். "வாங்கோ சிஸ்டர். மொரோக்கோவைப் பற்றி முந்தி ஏதும் கேள்விப்பட்டிருக்கிறியளோ?"

"கொஞ்சம். பன்ரண்டு வருசம் அங்கைதான் வேலை செய்தனான்."

அதுவரை பன்னிரண்டு மணி காட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காய் மெல்ல இறங்கி ஆறரையில் நின்றது. அண்ணை என்னை ஓரமாக இழுத்தார்.

"தங்கச்சி, இண்டைக்கு நான் முடிஞ்சன். எனக்கு அவையின்ரை பாசை ஒரு சொல்லும் தெரியாது. இனி ஆர் என்னோடை வருவினம்? கிழமையிலை இந்த ஒரு நாள்தானே நான் மனிசரோடை கதைக்கிறது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சும்மா இருந்த மனிதரின் வாயை அடைக்க நானே ஆள் கூட்டி வந்திருக்கிறேன்.

அன்றைய விளக்கவுரையை நான் மறக்க மாட்டேன். "இது... ஒரு கடை" என்றார் அண்ணை. பத்தடி நடந்து, "இது இன்னொரு கடை" என்றார். பொரித்த மீன் கடையில் நின்று, "இது மீன். மீனெண்டுதான் நினைக்கிறன். என்ன சிஸ்டர்?" என்றார். சிஸ்டர் மீன்தான் என்று உறுதி செய்தார். அடுக்குமாடியைத் தாண்டும்போது ராசாவின் பேச்சே எடுக்கவில்லை. கூட்டம் நெளிய ஆரம்பித்தது. மண்சட்டிக் கடை வந்ததும் தங்கம் அன்ரி பொறுமை இழந்தார்.

"என்ன அண்ணை, தொண்டை கட்டிப்போச்சோ? சட்டிக்குத் தொப்பி போட்ட கதையைச் சொல்லுங்கோ!"

அண்ணை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். வெயில், தொப்பி எல்லாம் வந்தது. எட்டுப் பேரும் சிஸ்டரைப் பார்த்தோம். சிஸ்டர் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார், திரும்ப வைத்தார்.

"வெயில் கடும்தான்" என்றார்.

முருங்கைக்காய் ஒன்பது மணி வரை ஏறியது. ஆனால் அடுத்தது சூப்புக் கடை. அங்கே தப்ப வழியே இல்லை. அந்த அம்மாள் அண்ணையைக் கண்டதும் முகம் மலர்ந்து ஏதோ கேட்டார். அண்ணை வழக்கம்போல, "ஓம், ஓம்" என்றார். எங்கள் ஊரில் ஆமாம் என்பதை யாழ்ப்பாணத்தில் ஓம் என்பார்கள். அண்ணை அதைச் சொல்லாமல் மூச்சுக்கூட விடமாட்டார். கை விரலைக் காட்டி ஓம், உப்புப் போதுமா என்று ஜாடை கேட்டால் ஓம், கிண்ணம் வாங்கும்போது இரண்டு ஓம்.

சிஸ்டர் அந்த அம்மாளிடம் அவர் பாஷையில் சலாம் சொன்னார். அம்மாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு இரண்டு பேரும் கொட்டித் தீர்த்தார்கள். நடுநடுவே அம்மாள் கரண்டியால் அண்ணையைச் சுட்டிக் காட்டினார். சிஸ்டர் சிரித்த சிரிப்பில் தலைமுக்காடு நழுவியது. அண்ணைக்கு வேர்த்துக் கொட்டியது.

"அக்கா எண்டு அவ சொல்லேல்லை" என்றார் சிஸ்டர் எங்களிடம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாக்கா. அப்பிடியெண்டால் 'சரி, சரி' எண்டு அர்த்தம்."

இரண்டு வருடமாக நான் அந்த அம்மாளுக்கு அக்காவாக இருக்கவில்லை என்ற நிம்மதி எனக்கு. ஆனால் அண்ணையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அதை விடுங்கோ. அவ என்னட்டை ஒரு கேள்வி கேக்கிறா" என்றார் சிஸ்டர். இப்போது அவர் சிரிக்கவில்லை. "அரபியிலை 'உம்' எண்டால் தாய். இவர் சொல்லுற ஓம் அவவின்ரை காதிலை அப்பிடித்தான் விழுந்திருக்கு. அவ சொல்லுறா, இந்த மனிசன் வாய் திறந்தால் என்னை உம், உம் எண்டுதான் கூப்பிடுறார், ரெண்டு வருசமா. நானும் என்ரை பிள்ளையளிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன், பட்டாணி வேனிலை வந்த இன்னொரு மகன் எனக்கு இருக்கிறான் எண்டு. உங்கடை பாசையிலையும் அதுக்குத் தாயெண்டுதானோ அர்த்தம் எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்லட்டும்?"

அண்ணை சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சிஸ்டர், எனக்கு அரபி ஒரு சொல்லும் தெரியாது. நான் மொரோக்கோ போனதே இல்லை. இவையளுக்குச் சொன்னதெல்லாம் என்ரை புளுகு. எல்லாத்தையும் இப்பவே சொல்லுங்கோ, பறவாயில்லை. அவவிட்டை மட்டும் ஓமெண்டால் என்னெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

தங்கம் அன்ரி கரண்டியைக் கிண்ணத்தில் தட்டினார்.

"இதொரு புதினமே? பிளேனெண்டால் நடுங்கிற மனிசன் மொரோக்கோவுக்கு என்ன நடந்தே போனது? எங்களுக்கு முதல் நாளே தெரியும்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"மொரோக்கோவைப் பாக்கவெண்டால் போனிலை பாக்கமாட்டமே? உங்கடை கதையைக் கேக்கத்தான் ஈலிங்கிலையிருந்து ரெண்டு பஸ் மாறி வாறன்."

அண்ணை மீசையைக் கடித்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் சூப்புக்கார அம்மாளிடம் திரும்பி நாலைந்து வார்த்தை சொன்னார். அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மீசைக்கு மேலே இருந்த கன்னத்தை எட்டிப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினார். பிறகு அவர் கிண்ணத்தில் மட்டும் இன்னொரு கரண்டி ஊற்றினார். அன்று எஞ்சிய தூரம் முழுக்க அண்ணை பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. அடுக்குமாடிக்கு ராசா திரும்பி வந்தார், இரண்டு ராணிகளும் வந்தார்கள்.

திரும்பும் ரயிலில் நான் சிஸ்டரிடம் மெதுவாகக் கேட்டேன். "பொய் சொல்லிட்டீங்களா சிஸ்டர்?"

"நான் ஏன் பிள்ளை பொய் சொல்லுறன்? அது பிள்ளையள் தாய்க்குச் சொல்லுற சொல்லெண்டு சொன்னனான். நல்ல பிள்ளை தாய்க்கு ஓமெண்டுதானே சொல்லும்?"

இப்போது சிஸ்டரும் எல்லாச் சனிக்கிழமையும் வருகிறார். ஒன்றையும் திருத்துவதில்லை. சில கதைகளுக்கு எங்களைவிட அதிகமாக வாயைப் பிளக்கிறார். போன மாதம் என் கணவர், விடுமுறைக்கு மொரோக்கோவில் மராக்கெஷ் நகருக்குப் போகலாம், டிக்கெட் மலிவாக இருக்கிறது, உனக்குத்தான் அவ்வளவு பிடிக்குமே என்றார். வேண்டாம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அங்கே போய் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால், சனிக்கிழமை அண்ணை முன்னால் நான் எந்த முகத்தோடு நின்று கதை கேட்பேன்?