ஒட்டினால் மருந்து

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் உண்டு. அதை இப்போதே கேட்காதீர்கள். இது அலுவலகக் கதை; கேட்டவுடன் எதுவும் கிடைக்காது. உட்காருங்கள்.

அலுவலகத்தின் பெயர் 'பண்டைய சீன மருத்துவச் சேர்மங்களின் கணினித் தரவுத்தள இயக்ககம்'. இயக்குநர் என் பெரியப்பா. வீட்டில் இருந்தால் எல்லார் குரலிலும் போன் பேசிக் குடும்பத்தைப் பிரிக்கிறேன் என்று, விடுமுறைக்கு அம்மா என்னை அங்கே தள்ளிவிட்டிருந்தாள்.

சீன வேர், பட்டை, காய் எதில் என்ன சேர்மம் என்று தட்டச்சு அக்கா கணினியில் ஏற்றுவார். நோய்க்கிருமியின் புரதத்தோடு எது நன்றாக ஒட்டுகிறது என்று கணினி மதிப்பெண் போடும்.

"ஒட்டினா மருந்தா பெரியப்பா?"

"ஒட்டினாத்தான் மருந்து. இது விஞ்ஞானம். வாயை மூடு."

எதுவும் உருப்படியாக ஒட்டவில்லை. வல்லுநர் குழு வருவதற்குள் ஒரு மருந்தாவது காட்டாவிட்டால் இயக்ககத்துக்குப் பூட்டு. பெரியப்பா மறுபடியும் எலிமருந்துக் கிடங்குக்கே போக வேண்டும். "அந்த நாத்தத்தோட வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று பெரியம்மா முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.

அக்காவின் மேசையில் ஒரு ஜாடி. புட்டிகளில் சீட்டு ஒட்ட மரப்பிசினைக் காய்ச்சி வைத்த பசை. நான் பக்கத்து அறையில் இன்டர்காமை எடுத்தேன். தொண்டையைச் செருமி மூக்கால் ஒரு 'ம்' போட்டால் அச்சு அசல் பெரியப்பா.

"ம்... அந்த ஜாடியையும் ஏத்திடுங்கம்மா."

"சார், அது பசை சார்!"

"மரத்துலேர்ந்து வந்ததா இல்லையா?"

"வந்ததுதான் சார்..."

"பழசா?"

"போன வருஷம் காய்ச்சினது."

"அப்ப பாரம்பரியம். ஏத்துங்க!"

பிசின் முதலிடம். இரண்டாமிடம் கண்ணுக்கெட்டாத தூரத்தில். பெரியப்பா ஆனந்தக் கண்ணீர் விட்டார். ஜாடிக்குப் பட்டுத்துணி கட்டினார்கள்.

குழு வந்தது. நான் அலமாரிக்குப் பின்னால்.

"கெமிக்கல் கிடையாதே?" என்றார் பேராசிரியர்.

"துளிகூட இல்லீங்க. வெறும் சேர்மம்தான்."

"வெளிநாட்டுல இப்ப எல்லாரும் இதைத்தான் சாப்பிடறாங்களாம். என் மருமக சொன்னா" என்றார் தணிக்கையாளர்.

"அப்ப நாமும் சாப்பிட்டுப் பார்த்துடுவோம்" என்றார் தலைவர்.

ஆளுக்கொரு கரண்டி. பெரியப்பா மட்டும் விசுவாசத்தில் இரண்டு.

அறையில் அமைதி. மிக ஆழ்ந்த அமைதி. தலைவர் ஏதோ சொல்ல முயன்றார்; கண்கள்தான் உருண்டன.

"ஐயா கருத்து சொன்னா எழுதிக்கலாம்" என்று அக்கா பேனாவோடு காத்திருந்தார்.

பாவமாக இருந்தது. உதவினேன்.

"அபாரம்! இயக்ககத்துக்குப் பத்து வருஷம் நீட்டிப்பு!" இது தலைவரின் கட்டைக் குரல்.

"வழிமொழிகிறேன்." பேராசிரியர்.

"ஆட்சேபணை இல்லை." தணிக்கையாளரின் கீச்சுக் குரல்.

மூவரும் திடுக்கிட்டார்கள். மற்ற இருவரும் பேசிவிட்டதாக ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும்; கம்பீரமாகத் தலையாட்டினார்கள். அக்கா 'ஏகமனதாக' என்று எழுதினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "ம்... ரொம்ப நன்றிங்க ஐயா!" என்றேன், பெரியப்பா குரலில்.

பெரியப்பா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டியிருந்தது. பட்டுத்துணியை விலக்கி ஜாடியைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். இரண்டையும் மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தார். மெல்ல அலமாரிப் பக்கம் திரும்பினார்.

என்னைக் காட்டிக்கொடுத்தால் எலிமருந்துக் கிடங்கு. அவர் குழுவை நோக்கிப் பணிவாகக் கைகூப்பினார். அப்படியே காலால் ஜாடியை என் பக்கம் தள்ளினார், கரண்டியோடு.

இப்போது நீங்கள் சிரிக்கலாம். என்னால்தான் முடியாது.