நடுநிலையாளர் வீட்டு நடுச்சுவர்

அமெரிக்காவில், கப்பல் ஓடும் பெரிய ஏரிக்கரையில் இருக்கும் துலூத் நகரத்தில் பாலம் கட்டுகிறவர்களும் கட்டச் சொன்னவர்களும் முட்டிக்கொண்டால் லோவெல் ஹாக்லண்டைத்தான் கூப்பிடுவார்கள். வட்டமாக நாற்காலி போட்டு, ஒரு பகல் முழுக்கப் பேசவைத்து, எல்லாரையும் ஒரே ஒப்பந்த அட்டையில் கையெழுத்துப் போடவைத்து அனுப்புவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே மூன்று வாரமாக வேலை நின்று கிடந்தது.

மனைவி டோரீனுக்குச் சமையலறை பெரிதாக வேண்டும். அதற்கு நடுச்சுவர் போக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் லோவெலின் சின்ன அறை. ஏரி பார்த்த ஜன்னல். மூடுபனிக்குள்ளிருந்து கப்பல்கள் சத்தமில்லாமல் வரும், சத்தமில்லாமல் கரையும். அதைப் பார்த்துக்கொண்டு அரைக்கண் மூடிக் கிடப்பதுதான் அவருடைய ஒரே சொர்க்கம். நல்லவேளையாக, காண்ட்ராக்டர் ராய்ஸ் பெல்கி, “மாடியே அந்தச் சுவர் மேலதான் நிக்குது, தொடமாட்டேன்” என்று முரண்டு பிடித்தார். அந்த முரண்டு இருக்கும்வரை சொர்க்கமும் இருக்கும்.

“ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்து வைக்கிற. வீட்டுச் சண்டைன்னா மட்டும் வாயத் தைச்சு வச்சிருக்கியே!” என்றாள் டோரீன்.

“சரி, சனிக்கிழமை கூட்டம் போடுறேன்.”

“நீயேவா நடத்துவ?”

“வேற யாரு?”

“அதானே, உன்னை விட்டா யாரு இருக்கா,” என்றாள், என்றும் இல்லாத பணிவோடு. அப்போதாவது லோவெலுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லை. கூட்டத்தை நைசாகத் திருப்பி, ‘சுவர் இருந்த இடத்திலேயே இருக்கும்’ என்று இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவது என்று அவர் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை காபி, புளூபெர்ரி மஃபின் எல்லாம் வைத்து, விதிகளைக் கம்பீரமாக வாசித்தார். முதல் பயிற்சி: எதிராளியின் கவலையை நீங்கள் சொல்ல வேண்டும்.

“ராய்ஸுக்கு என் மேல கோபமில்ல,” என்றாள் டோரீன். “முன்னாடி ஒரு வீட்டுல சுவரை எடுத்து, மாடி தொங்கிப்போச்சு. அந்தப் பயம்.”

ராய்ஸ் மஃபினைக் கீழே வைத்தார். “இதை யாருமே புரிஞ்சுக்கிட்டதில்லைங்க. உங்க கவலை என்னன்னா... குளிர்காலம் பூரா வெறும் சுவத்தைப் பார்த்தே சமைக்கிறீங்க. ஏரி உங்களுக்கும்தானே?”

“அப்பாடா! ஒரு ஆம்பளைக்காவது புரிஞ்சுதே!”

அதற்குப் பிறகு இரண்டு குரலும் தாழ்ந்து, இழைந்து, ஒன்றோடொன்று கலந்து போயின. இந்தச் சத்தத்துக்காகத்தான் லோவெல் இருபது வருஷம் உழைத்தார். ஆகா, என்ன இணக்கம்! கண் சொருகியது. மூடுபனியில் ஒரு கப்பல் வந்தது. மேல்தளத்தில் உலகத்துக் காண்ட்ராக்டர்கள் எல்லாம் தோளோடு தோள் நின்று அவருக்குக் கையசைத்தார்கள். அவரும் கையசைத்தபடியே மிதந்தார்.

கண் விழித்தபோது அட்டையில் இரண்டு கையெழுத்தும் காய்ந்திருந்தன. ‘திங்கட்கிழமை சுவர் எடுக்கப்படும். மாடியை இரும்பு உத்தரம் தாங்கும். இன்ஜினியரைப் பிடிப்பது டோரீன் பொறுப்பு.’

“இருங்க! எனக்கு இதுல சம்மதமில்ல!”

“நீ யாரு?” என்றாள் டோரீன்.

“யாரா? உன் புருஷன்!”

“இன்னைக்கு நீ கூட்டம் நடத்துறவன். நடத்துறவன் எந்தப் பக்கமும் சாயக்கூடாது, அவனுக்கு ஓட்டும் கிடையாதுன்னு காலைல நீதானே வாசிச்ச? ராய்ஸ், வாசிச்சாரா இல்லையா?”

“வாசிச்சாருங்க,” என்றார் ராய்ஸ் சங்கடமாக. “ரெண்டு தடவை.”

லோவெலின் சொர்க்கம் போயே போய்விட்டது. ஆனால் இருபது வருஷப் பழக்கம் விடுமா? கை தானாகப் பைக்குள் போய், கூட்டம் முடிந்ததும் கொடுக்கும் கருத்துப் படிவங்களை எடுத்து நீட்டியது.

டோரீன் அங்கேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தாள். பத்துக்குப் பத்து. கீழே அழகாக எழுதியிருந்தாள்: ‘நடத்தியவர் மிகவும் நல்லவர். முக்கியமான நேரத்தில் குறுக்கே பேசவே இல்லை.’