குதிரை டானிக்கும் மைதாப் பசையும்

காலி பாட்டிலைக் கண்டால் அதன் லேபிளை உரிக்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. எங்கள் மதுரை வீட்டில் ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில், சத்துமாவு பாட்டில் எதுவுமே குப்பைக்குப் போனதில்லை. வெந்நீரில் ஊறப்போட்டு, லேபிளை உரித்து, பிசுக்கை எண்ணெய் தொட்டுத் துடைத்தால், சாயங்காலத்துக்குள் துவரம்பருப்பு குடியேறிவிடும். இந்தப் பழக்கத்தை மாண்ட்ரியலுக்கும் கொண்டுவந்தேன். அதுதான் என் முதல் வேலைக்கு உலை வைத்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு வருடம் பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில் எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கணவர் சிவா காலையில் ஐ.டி. கம்பெனிக்கு ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வருவார். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் பனியை வேடிக்கை பார்ப்பதே உத்தியோகமாகிப் போனது. (பைத்தியம் பிடிக்காததுதான் பாக்கி.) பக்கத்து வீட்டு ரஜனி அக்காதான் வழிகாட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். அவர் வேலை பார்த்தது ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் வெகுநாள் மூடிக்கிடந்த ஒரு மருந்துக்கடையில். தாத்தா நடத்திய அந்தக் கடையை மதாம் லீஸ் என்ற பெண்மணி கண்காட்சியாக மாற்றிக்கொண்டிருந்தார். கூட ஓர் ஆள் வேண்டும், ஒரு வாரம் பார்ப்பார், பிடித்தால் வேலை நிரந்தரம்.

“உம்மைப் பற்றி நல்லாச் சொல்லி வைச்சிருக்கிறன். என்ர பேரைக் காப்பாத்தும்” என்றார் அக்கா.

அந்த வாரக் கடைசியில், கண்காட்சி திறக்கிற அன்று காலை, மதாம் ஒரு பெட்டி நிறையப் பழைய மருந்துப் புட்டிகளைக் காட்டி, ஒரே தூசியாக இருக்கிறது, சுத்தம் செய்து அலமாரியில் வை என்று சொல்லிவிட்டுப் பூ வாங்கப் போனார். அவர் மனதில் இருந்தது உலர்ந்த துணி. என் மனதில் இருந்தது எங்கள் வீட்டுச் சமையலறை. சிங்க் நிறைய வெந்நீர் பிடித்து அத்தனை புட்டிகளையும் முக்கிவிட்டு, அலமாரிக் கண்ணாடியைத் துடைக்கப் போனேன். திரும்பி வந்தால் லேபிள்கள் எல்லாம் தாமாகவே கழன்று மிதந்துகொண்டிருந்தன. அட, சுரண்டுகிற வேலைகூட இல்லையே என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

தேநீரோடு உள்ளே வந்த அக்கா சிங்க்கைப் பார்த்தபடியே நின்றார்.

“பிள்ளை, அந்தக் கடதாசியளைப் பாக்கத்தானே சனம் வரப்போகுது.”

லேபிள்களை ஒவ்வொன்றாக அள்ளிச் செய்தித்தாளில் பரப்பினோம். எது எந்தப் புட்டியுடையது என்று கண்டுபிடிக்கத்தான் அவற்றை முதன்முதலாகப் படித்தேன். படிக்கப் படிக்க வந்த காரியமே மறந்துபோனது. எல்லாம் அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த கைகண்ட மருந்துகள். கல்லீரல், நுரையீரல், மூட்டுவலி, மனச்சோர்வு, வழுக்கை எல்லாவற்றுக்கும் ஒரே புட்டி. மென்மையான பெண்மணிகளுக்கென்று தனியாக ஒன்று. குதிரைக்கும் மாட்டுக்கும் இன்னொன்று. சாகக் கிடந்த ஒரு பெண் அந்த மருந்தைக் குடித்ததும் எழுந்து வீட்டுத் துணியெல்லாம் துவைத்துவிட்டாளாம், லேபிளிலேயே எழுதியிருந்தது. நம்மூர் பஸ் ஸ்டாண்டு லேகியக்காரர்கூட இவ்வளவு துணிந்து சொல்லமாட்டார்.

அப்படி உள்ளே என்னதான் இருந்தது? எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த கெமிஸ்ட்ரிக்காரி எழுந்துவிட்டாள். தக்கை இறுக்கமாக இருந்ததால் புட்டிகளின் அடியில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்தது. மோந்து பார்த்தே இனம் பிரித்துவிடலாம் என்று ஒன்றைத் திறந்தேன். வெல்லப்பாகும் பிராந்தியும் கலந்த மாதிரி ஒரு வாசம். அடுத்ததிலும் அதே வாசம். அதற்கடுத்ததை அக்காவிடம் நீட்டினேன்.

“இது தனிச் சாராயமெல்லோ” என்றார் அக்கா. மிச்சம் அத்தனையையும் மோந்துவிட்டு, எல்லாம் ஒரே சாமான்தான் என்று தீர்ப்பும் சொன்னார்.

வேறு வழி? அக்கா டெப்பனேர் என்கிற தெருமுனைக் கடைக்கு ஓடி மைதா வாங்கிவந்து மைக்ரோவேவில் பசை காய்ச்சினார். நான் குத்துமதிப்பாக ஒட்டினேன். பெரிய புட்டி பார்க்க லட்சணமாக இருந்ததால் அதைப் பெண்மணிகளுக்கு ஒதுக்கினேன்.

மதாம் பூக்களோடு வந்தார். அலமாரியைப் பார்த்தார். நேராகப் போய் அந்தப் பெரிய புட்டியைத்தான் எடுத்தார். பசை இன்னும் காயவில்லை, லேபிள் அவர் விரலோடு வந்தது.

“இது குதிரைக்கானது” என்றார்.

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்காவுக்கு இதில் சம்பந்தமில்லை என்று சொன்னேன். (அவர் கையெல்லாம் மைதா.) அத்தோடு வாயை மூடியிருக்கலாம். எல்லாப் புட்டியிலும் ஒரே சாராயம்தானே மேடம் என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

மதாம் விரலில் ஒட்டிய லேபிளை உரித்து மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: “தாத்தாவுக்கு ஒரே பீப்பாய்தான் வரும், லேபிள் கட்டு தனியாக வரும். இதே அறையில் உட்கார்ந்து அவரே ஒட்டுவார். ஆனால் எந்தப் புட்டிக்கு எது என்று அவருக்குத் தெரியும்.”

தப்பித்தேன் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வரவேண்டாம், மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். பியர்பொன்ட்ஸ் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அக்காவின் வேலை தப்பியது ஒன்றுதான் ஆறுதல். ஒரு வாரம் என்னோடு கதைக்காமல் இருந்தவர், பிறகு வாசலில் வந்து நின்று, என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது நான் ஒரு மருந்துக்கடையில் உதவியாளர். நாள் முழுக்க மாத்திரை டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுவதுதான் என் வேலை, நம்புங்கள். அங்கே இதுவரை ஒரு பிழை வந்ததில்லை. ஆனால் வீட்டில் என்னை யார் நம்புகிறார்கள்? தலைவலிக்கு நான் மாத்திரை எடுத்துக் கொடுத்தால், சிவா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“இது மனுஷனுக்கா, குதிரைக்கா?”

மகளும் அதையே பிரெஞ்சில் கேட்கப் பழகிவிட்டாள். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்.

“பேசாம முழுங்குங்க, எல்லாம் ஒரே பீப்பாய்தான்.”