ஒரே கூரை, இரண்டு கதவு எண்

மதிப்பிற்குரிய மச்சான் ஞானசேகரன் அவர்களுக்கு, பக்கத்து வீட்டு நடேசன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை சந்திரமதியும் நலம். அங்கு நீங்கள் நலமென்று காலையில் உங்கள் தும்மலைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சுவர் அவ்வளவு மெல்லிசு.

அடுத்த வீட்டுக்குத் தபால்தலை ஒட்டுகிறானே என்று சிரிக்காதீர்கள். நீங்கள்தான் ஆறு மாதமாக என்னோடு பேசுவதில்லை. கல்யாண விருந்தில் நாலு பேர் நடுவே, "எங்க மச்சான் தலைமுடியும் எங்க ஓட்டுக் கூரையும் ஒரே வருஷத்துலதான் உதிர ஆரம்பிச்சுச்சு" என்று சொன்னது தப்புதான். ஆனால் மச்சான், கூரையைப் பற்றிச் சொன்னது பலித்துவிட்டது. போன மழைக்குச் சந்திரமதி தலைமாட்டில் வாளி வைத்துக்கொண்டு படுத்தாள்.

சிங்கப்பூர் பூராவும் அலையாமல், தேக்கா டீக்கடையில் பழக்கமான கூரைக் காண்டிராக்டர் நூருல் அமீனைக் கூட்டி வந்தேன். ஏணி கேட்பார் என்று பார்த்தால், பையிலிருந்து ஒரு ட்ரோனை எடுத்து விர்ரென்று மேலே விட்டார். அது எடுத்த படத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. நம்புங்கள், எனக்கே! இருபத்தெட்டு வருஷம் அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருக்கேன், ஒருநாள்கூட அதோட முகத்தைப் பார்த்ததில்ல. மேலேருந்து பார்த்தா உங்க வீடு எது, என் வீடு எதுன்னே தெரியல மச்சான். மாமனார் வாங்கிப்போட்ட ரெண்டு வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே முகடு. என் பக்கம் ஆரம்பிச்ச விரிசல் உங்க பக்கம் போய்த்தான் முடியுது.

அப்புறம் விலைப்பட்டியல் நாலு பக்கம். ஓட்டு விலைதான் கூரை விலைன்னு நினைச்ச ஆளு நான். பழசைக் கழற்ற ஒரு காசு, அதை லாரியில் கொண்டுபோய்க் கொட்ட ஒரு காசு, ஓட்டுக்கு அடியில் தண்ணி இறங்காத விரிப்புக்கு ஒரு காசு. ஆளுங்க ஏறி நிக்கிற சாரத்துக்கு மட்டும் பத்தாயிரம் வெள்ளி!

"அந்தச் சாரம் நமக்கே நமக்கா?"

"இல்ல லா. வேலை முடிஞ்சதும் நாங்க எடுத்துட்டுப் போயிடுவோம்."

"கடைசியில மரச் சட்டம்னு போட்டு, விலையே போடலையே?"

"பிரிச்சுப் பாத்தாத்தான் அண்ணே தெரியும். உளுத்திருந்தா மாத்தணும். மொத்தத்துல பத்துல ஒரு பங்கு தனியா எடுத்து வச்சுக்குங்க."

தெரியாத செலவுக்கும் ஒரு வரி போட்டு வச்சிருக்காங்க மச்சான். அசந்துட்டேன்.

ரெண்டு வீட்டையும் சேர்த்துச் செஞ்சா ஒரே சாரம், ஆளுக்கு ஐயாயிரம்தான். தனியாச் செய்ய என் சேமிப்பு பத்தாது. வருஷக் கடைசி மழை வந்தா உங்க தங்கச்சிக்கு இன்னொரு வாளி. நிதானமா யோசிங்க, நான் வற்புறுத்த மாட்டேன்.

உங்கள் தலைக்கு மேலே உள்ளதெல்லாம் (ஓடுகளைத்தான் சொல்கிறேன்) நெடுநாள் நிலைக்கட்டும்.

வாயை அடக்கிக்கொண்ட,
நடேசன்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் வாசலில் சத்தம். குப்பை லாரிச் சத்தம் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், ரெண்டு வீட்டையும் சேர்த்துச் சாரம் ஏறிக்கிட்டிருக்கு! அமீன் சிரிக்கிறார். "உங்க மச்சான் போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டாரு லா. உங்க வீட்டுக்குச் சந்திரமதி அக்கா போட்டாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னாங்க." கீழே நீங்கள் வெள்ளைப் பாதுகாப்புத் தொப்பி போட்டுக்கொண்டு அண்ணாந்து நிற்கிறீர்கள். தொப்பி ரொம்பப் பொருத்தம், மச்சான். நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை.