எருமைத் தோல் வின்ச்

ஆம்பூர்ப் பக்கம் பிறந்தவனுக்குத் தோலால் ஆகாத காரியம் உலகத்தில் கிடையாது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. (தோல் கம்பெனி ஆபீசில் டைப் அடிப்பவனுக்கு இவ்வளவு ஆகாது என்று அக்காள் அப்போதே சொன்னாள்.)

எழுபதுகளின் பிற்பாதி, ஓர் ஐப்பசி. தேதியும் நினைவிருக்கிறது, வீட்டில் மறக்க விட்டால்தானே! அக்காள் வீட்டுக்காரரிடம் பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்று இருந்தது. எந்தக் காட்டிலும் ஏறும் சுற்றுலா வண்டியாக அதை மாற்றுகிறேன் என்று, அகப்பட்ட மோட்டார் புத்தகங்களையெல்லாம் படித்துவிட்டு இறங்கினேன். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டு உயர்த்தினேன். டயரைப் பெரிதாக்கினேன். சேற்றில் மாட்டினால் மரத்தில் கட்டி இழுத்துக்கொள்ள, முன் பம்பரில் கையால் சுற்றும் வின்ச் வைத்தேன். அதற்கு இரும்புக் கயிறு வேண்டும் என்றது புத்தகம். எழுதியவன் ஆம்பூரைப் பார்த்ததில்லை போலும். நான் மெஷின் பெல்ட்டுக்கான எருமைத் தோலை நீள வாராகத் தைத்துச் சுற்றினேன்.

"மச்சான், இரும்பே போட்றலாமே?" என்றார் அக்காள் வீட்டுக்காரர்.

"யானையே இழுத்தாலும் அறாது மாமா."

(அறவில்லை. அன்று நான் சொன்னதில் பலித்தது அது ஒன்றுதான்.)

வெள்ளோட்டத்துக்கு நானே வலியக் கூப்பிட்டது, எனக்குப் பெண் தரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியரை. மலைமேல் ஒரு ஜெபக்கூட்டத்துக்கு அவர் போக வேண்டியிருந்தது. ஆலங்காயம் தாண்டி ஒரு காட்டாறு. முழங்கால் அளவு தண்ணீர். பாதியில் முன்சக்கரம் குழியில் இறங்கியது. நான்கு சக்கரமும் சுற்றின, வண்டி அசையவில்லை. மலையில் இடி இடித்தது. தண்ணீர் செந்நிறமாகிக்கொண்டிருந்தது.

வாரைக் கரைமரத்தில் கட்டிவிட்டு வந்து கைப்பிடியைச் சுற்றினேன்.

"தம்பி, வருதா?"

"வருது சார்."

"இன்னா வருது? வண்டி அங்கியே நிக்குது!"

"வாரு வருது சார்."

நனைந்த தோலை இழுத்தால் நீளும் என்பது எங்கள் ஊரில் செருப்புப் போட்ட குழந்தைக்கும் தெரியும். சுற்றச் சுற்ற அது மெலிந்து நீண்டது. தண்ணீர் அவருடைய பூட்ஸுக்குள் ஏறியது. வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். அப்புறம் மூக்குக்கண்ணாடி. அப்புறம் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். வண்டிக்காகவா, மகளுக்காகவா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

தண்ணீர் சீட்டைத் தொட்டது. கைப்பிடியை விட்டேன்.

"சார், முதுகுல ஏறுங்க."

"இன்னாது?"

"பேசாம ஏறுங்க சார்!"

நல்ல கனம். நடுவில் என் கால் ஒருமுறை வழுக்கியது. அவர் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தார். (இன்று அங்கே முடி இல்லாததற்கு வயது காரணமல்ல என்பது என் கட்சி.) கரையேறித் திரும்பிப் பார்த்தபோது ஜீப் ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

மாமா கிறிஸ்துமஸ் வரை என்னோடு பேசவில்லை. தலைமையாசிரியர் பேசினார். பெண் கொடுக்கப் போகிற பையன் எப்படி என்று உறவுக்காரர்கள் கேட்டதற்கு, "ஆளைச் சுமப்பான். வண்டி மட்டும் கையில குடுத்துடாதீங்க" என்றாராம்.

கல்யாணம் நடந்தது. இன்றும் எங்கள் வீட்டில் யாருக்காவது கால் சுளுக்கிக்கொண்டால் ஆட்டோவைக் கூப்பிடுவதில்லை. என்னைக் குனியச் சொல்கிறார்கள்.