வெறுஞ்செம்பும் பிந்திய பொறியும்

படித்து முடித்த புதிதில் ஒருவர் கையில் பழைய காரைக் கொடுப்பது ஆபத்து. அதைக் கல்யாண நாளில் கொடுப்பது பேராபத்து.

வெள்ளைக்காரர் ஆண்ட கடைசிக் காலம். மோட்டார் திருத்தும் வகுப்பில் சேலை கட்டிய ஒரே மாணவியாக இருந்து நான் தேறியிருந்தேன். (வீட்டில் தையல் மெஷின் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.) அண்ணாவுக்குக் கொட்டாஞ்சேனைக் கோயிலில் கல்யாணம். வெள்ளவத்தையிலிருந்து அவரையும் தாலி, கூறைச் சேலையையும் முகூர்த்தத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டியது சித்தப்பாவின் கிழட்டுக் கார்.

பம்பலப்பிட்டிக்கு முன்பே ‘கிணுங், கிணுங்’ என்று ஒரு சத்தம். ஆக்சிலேற்றரை மிதித்தால் கூடியது.

“நிப்பாட்டுங்கோ சித்தப்பா,” என்றேன்.

வகுப்பில் சொல்லித்தந்த ஒழுங்கு எனக்கு மனப்பாடம். முதலில் ஆடுகிற சாமான் இருக்கிறதா என்று பார். பிறகே எஞ்சினில் கைவை.

“சின்னம்மா, பின்னால சாமான் ஏதும் வைச்சனீங்களோ?”

சின்னம்மா தாலித் தட்டை மடியில் இறுக்கிக்கொண்டார். “ஒண்டுமில்லைப் பிள்ளை. நல்ல காரியத்துக்குப் போகேக்க உதெல்லாம் கேக்காதை.”

முதலாவது முடிந்தது. “எஞ்சினுக்குள்ள பெற்றோலைக் கொளுத்துற பொறி நேரத்துக்கு முந்தி விழுகுது,” என்று தீர்ப்பளித்தேன். “கொஞ்சம் பிந்தி வைச்சால் சரி.”

“தாலி பிந்தாமல் இருந்தால் சரி,” என்றார் அண்ணா, தலைப்பாகையைப் பிடித்தபடி.

பொறிக்கு நேரம் வைக்கும் டிஸ்றிபியூட்டரை ஒரு நூலளவு திருப்பினேன். சத்தம் குறைந்தது. (வேகமும் குறைந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.) கொள்ளுப்பிட்டியில் இன்னொரு நூல். காலிமுகத்திடலில் மற்றொன்று. உடனே, எரியாமல் தப்பிய பெற்றோல் புகைக்குழாயில் ‘டமார்!’ என்று வெடித்தது. உலாவ வந்த ஒரு துரை தன் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரிக்‌ஷாக்கள் எங்களை முந்தின.

“எடியே, பழையபடி திருப்பு!” என்று கத்தினார் சித்தப்பா.

பழையபடி எது? உப்பு முடிந்தாலும் குறித்து வைக்கும் நான், அதை மட்டும் குறிக்கவில்லை.

புறக்கோட்டை நெடுக டமார், டமார். முகூர்த்தம் முடியப்போகும் வேளையில், கோயில் வாசலில் ஒரு பெருவெடியோடு கார் உயிரை விட்டது. பெண் வீட்டார் மேளத்தோடு ஓடிவந்தார்கள். பெண்ணின் தகப்பனார் கண் கலங்கிச் சித்தப்பாவின் கையைப் பிடித்தார்.

“வழி நெடுக வெடி கொளுத்திக்கொண்டு வந்திருக்கிறியள்! எங்கட ஆக்களில ஒருத்தருக்கும் இப்பிடி நடக்கேல்லை.”

“பின்னை என்ன? எங்கட வீட்டில ஒரே பெடியன்,” என்றார் சித்தப்பா, கொஞ்சமும் கூசாமல்.

தாலி ஏறியது. அடுத்து, மணமக்கள் தண்ணீருக்குள் கணையாழி தேடியெடுக்கச் செம்பு வேண்டும் என்றார் ஐயர். சின்னம்மா நேரே காருக்குப் போய்ப் பின்சீற்றைத் தூக்கினார். அடியில் ஒரு பித்தளைச் செம்பு, ஆடுகிற மூடியோடு. மூடியைத் தட்டிப் பார்த்தேன். ‘கிணுங்.’

“ஏன் சின்னம்மா சொல்லேல்லை?”

“வெறுஞ்செம்பு அபசகுனமெல்லே, பிள்ளை. புறப்பட்டுப் போகேக்க அதை வாயால சொல்லலாமோ?”

அந்த வெடி மரியாதையை அண்ணி இன்றும் தன் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறார். எங்கள் சொந்தத்தில் எந்த மாப்பிள்ளைக் காரின் எஞ்சின் மூடியையாவது நான் திறக்கப் போனால், அண்ணா என் கையைப் பிடித்துக்கொள்வார்.

“பொறு. வெடி வேணுமோ எண்டு முதல்ல பெண் வீட்டாரைக் கேப்பம்.”